ராடர் அறிகருவி வாங்கலாமா, வேகத் தண்டத்தை எப்படித் தவிர்ப்பது: மட்டக்களப்பு, அம்பாறைச் சாரதிகளுக்கு

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி வாகரையை நோக்கிச் செல்லும் திருகோணமலை வீதியிலும், காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக வயல்களுக்கு நடுவே அம்பாறைக்குச் செல்லும் வீதியிலும் காபட் போடப்பட்ட பின்னர், வாகனத்தின் வேகம் சாரதிக்குத் தெரியாமலேயே ஏறிவிடுகிறது. ஏறிய வேகத்தை வீதியோரத்தில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸாரின் கைக்கருவி கண்டுபிடித்துவிடுகிறது. இதிலிருந்து தப்புவதற்கு, பொலிஸாரின் ராடர் அலையை உணர்ந்து ஒலி எழுப்பும் ராடர் அறிகருவி ஒன்றை வாங்கி முன்கண்ணாடியில் பொருத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் எவராவது, "மச்சான், நான் அங்க பாவிச்சதுதான், நீ வைச்சுக்கொள்" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டும் போவார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நமது வீதிகளில் அந்தக் கருவி, செலவழித்த பணத்துக்கு உரிய பயனைத் தராது. ஏன் தராது என்பதை விளங்கிக்கொண்டால், வாங்குவதா வேண்டாமா என்பதையும், வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம்.

அறிகருவி எதைப் பிடிக்கிறது

பொலிஸாரின் வேகமானிகள் இரண்டு வகைப்படும். முதலாவது ராடர். அது வானொலி அலைகளை வாகனத்தை நோக்கி அனுப்பி, பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளக்கிறது. டொப்ளர் விளைவு என்று பாடசாலையில் படித்தது இதுவே. கே பாண்ட் எனப்படும் 24.15 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவியில், வாகனத்தின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் கூடும்போது திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 45 ஹேர்ட்ஸ் மாறும். 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 3,100 ஹேர்ட்ஸ் மாற்றத்தைக் கொடுக்கும். இது மனிதக் காதுக்கே கேட்கக்கூடிய அதிர்வெண் என்பதால், சில கருவிகளில் பொலிஸ் உத்தியோகத்தர் வாகனத்தின் வேகத்தை ஒலியாகவும் கேட்க முடிகிறது.

ராடர் அறிகருவி என்பது இந்த அலையைப் பிடிக்கும் ஒரு வானொலி வாங்கி, அவ்வளவுதான். அதற்குள்ள ஒரே அனுகூலம் தூரம். வேகமானியின் அலை உங்கள் வாகனம் வரை வந்து, சிதறி, பலவீனப்பட்டுத் திரும்பிச் சென்ற பிறகே வேகத்தைக் கணிக்க முடியும். உங்கள் கருவிக்கோ ஒருவழிப் பயணத்தில் வந்து சேரும் அலையே போதும். ஆகவே பொலிஸ்காரர் கருவியைத் தொடர்ந்து இயக்கத்தில் வைத்திருந்தால், அவர் உங்களை அளப்பதற்கு வெகு முன்னரே உங்கள் கருவி ஒலி எழுப்பிவிடும். ஆனால், இன்றைய ராடர்களைத் தொடர்ந்து இயக்கத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. வாகனம் நெருங்கிய பின்னர் விசையை அழுத்தினால் ஓரிரு விநாடிகளுக்குள் வேகம் திரையில் தெரிந்துவிடும். அந்த நிலையில் அறிகருவி உங்களைக் காப்பாற்றுவது, உங்களுக்கு முன்னால் சென்ற வேறொரு வாகனத்தைப் பொலிஸார் அளந்து, அந்த அலையின் சிதறல் உங்களை வந்து எட்டினால் மட்டுமே.

இரண்டாவது வகை லேசர். 905 நனோமீற்றர் அளவிலான கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு விநாடிக்குள் பல நூறு துடிப்புகளாக அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரம் குறைந்துவரும் வேகத்தைக் கணிப்பது அது. ராடரின் கற்றை 300 மீற்றர் தூரத்தில் வீதியையும் இரு கரைகளையும் சேர்த்து 60 மீற்றர் அகலத்துக்கு விரியக்கூடும். லேசரின் கற்றையோ அதே தூரத்தில் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றரே இருக்கும். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்துக்கும் டோர்ச் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். லேசர் உங்கள் இலக்கத்தகட்டைக் குறிபார்க்கும்போது முன்கண்ணாடியில் இருக்கும் அறிகருவியில் அது படாமலே போகலாம். பட்டு ஒலி எழுந்தாலும், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் அளவீடு முடிந்துவிட்டிருக்கும். நமது நாட்டுப் பொலிஸார் லேசர் வகைக் கருவிகளையும் பயன்படுத்துகின்றனர் என்பதால், இந்த ஒரு காரணமே அறிகருவியின் பெறுமதியைப் பெருமளவு குறைத்துவிடுகிறது.

நமது பிரதேசத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. வாகரை வீதியில் நண்பகல் நேரத்தில் உங்களுக்கு முன்னால் பார்வைக்கு எட்டிய தூரம் வரை ஒரு வாகனமும் இல்லாதிருப்பது வழமை. அப்போது அளக்கப்படப்போகும் முதல் வாகனம் நீங்கள்தான். சிதறி வந்து எச்சரிக்கும் அலை எதுவும் இருக்காது. மாறாக, கல்முனையிலும் காத்தான்குடியிலும் முன்னால் நிறைய வாகனங்கள் இருக்கும், ஆனால் அங்கே வேகமாக ஓடவே இடமிருக்காது.

வாங்குவதற்கு முன் அனுமதி

வானொலி அலைகளோடு தொடர்புடைய சாதனங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதும் பாவிப்பதும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. இணையக் கடையில் கட்டளை கொடுப்பதற்கு முன்னர், நீங்கள் வாங்கவிருக்கும் மாதிரியின் பெயரைக் குறிப்பிட்டு ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பொதி மறிக்கப்பட்ட பிறகு கேட்பதைவிட அது மலிவானது. பொலிஸாரின் கருவியைக் குழப்புவதற்காக அலையையோ ஒளியையோ திருப்பி அனுப்பும் ஜாமர்கள் முற்றிலும் வேறு விடயம். அவற்றைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் பக்கத்தில் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள நமது உறவினர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கனடாவில் நம்மவர் நிறைந்து வாழும் ஒன்ராரியோ மாகாணத்திலும், கியூபெக்கிலும் அறிகருவி தடைசெய்யப்பட்டது. அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் தடையில்லை. சுவிற்சர்லாந்தில் அதைப் பாவிப்பது மட்டுமல்ல, இறக்குமதி செய்வதும் வாகனத்தில் கொண்டுசெல்வதும் கூடக் குற்றம். கருவி பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்படும். ஜேர்மனியில் ஓட்டும்போது பாவிக்கக் கூடாது. பிரான்சில் வைத்திருப்பதே குற்றம். பிரித்தானியாவில் சட்டம் தடுக்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து தருவதற்கென்று சூரிச்சிலிருந்து ஒன்றை வாங்கிவரச் சொல்லும் மைத்துனர்மார், அந்த உறவினரை எதில் மாட்டிவிடுகிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியும் வாங்குவதென்றால்

பெட்டியில் எழுதியிருப்பதில் முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசைகள். எக்ஸ் பாண்ட் 10.525 கிகாஹேர்ட்ஸ், கே பாண்ட் 24.15 கிகாஹேர்ட்ஸ், கேஏ பாண்ட் 33.4 முதல் 36 கிகாஹேர்ட்ஸ் வரை. வட அமெரிக்காவில் விற்பனையாகும் யுனிடன், எஸ்கோர்ட், வலன்டைன் வன் போன்றவை அங்குள்ள பொலிஸாரின் 33.8, 34.7, 35.5 கிகாஹேர்ட்ஸ் ராடர்களைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஐரோப்பாவுக்கெனச் செய்யப்பட்டவை அங்கு வழக்கிலுள்ள கே பாண்டையும் 34.3 கிகாஹேர்ட்ஸையும் முதன்மையாகக் கவனிப்பவை. எந்த நாட்டுக்குச் செய்யப்பட்டதோ அந்த நாட்டிலேயே அது தன் முழு வேலையையும் செய்யும். அலைவரிசைகளைத் தெரிவுசெய்து திறக்கவும் மூடவும் வசதியுள்ள மாதிரியாக இருந்தால் மட்டுமே இங்கே கொண்டுவருவதில் ஓரளவேனும் அர்த்தமுண்டு.

சில கருவிகள் அலையைப் பிடிப்பதே இல்லை. செய்மதி மூலம் நீங்கள் நிற்கும் இடத்தை அறிந்து, தம்மிடமுள்ள பட்டியலில் அருகே நிலையான கமரா ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவை அவை. பட்டியல் மேற்கு நாடுகளின் கமராக்களைக் கொண்டது. களுவாஞ்சிகுடியில் வேப்பமர நிழலில் கையில் கருவியுடன் நிற்கும் உத்தியோகத்தர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இணையக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும், "16 பாண்ட்" என்று பெருமையாக எழுதப்பட்ட சிறிய கருவிகளை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பொலிஸாரின் ராடர்கள் பெரும்பாலும் பாவிப்பவை மேற்சொன்ன மூன்று அலைவரிசைகளே. மிகுதிப் பதின்மூன்றும் அட்டையை நிரப்புவதற்குத்தான்.

கைக்கு வந்த கருவி உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்கு எளிய வழியொன்று இருக்கிறது. ஆள் நெருங்கும்போது தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகளின் மேற்பகுதியில் உள்ள உணரிகளில் பல, கே பாண்டில் இயங்கும் சிறிய ராடர்களே. அத்தகைய கதவுள்ள வங்கிக்கோ கடைக்கோ முன்னால் வாகனத்தை நிறுத்தி, கருவியை இயக்கிக் கதவை நோக்கித் திருப்பிப் பாருங்கள். அருகே சென்றும் சத்தமில்லையென்றால் உங்களிடம் இருப்பது விளக்கெரியும் ஒரு பெட்டி மட்டுமே. இதே காரணத்தால்தான் நல்ல கருவியும் நகருக்குள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்; அதோடு, அண்மைக்கால கார்கள் சிலவற்றின் பின்புறத்தில் பக்கவாட்டு வாகனத்தைக் காட்டுவதற்கென்று உள்ள ராடர்களும் 24 கிகாஹேர்ட்ஸிலேயே இயங்குவதால், அப்படியொரு கார் முன்னால் போனால் அது போகும் வரை சத்தம் ஓயாது. இவற்றை வடிகட்டும் வசதியும், பழகிய இடத்துப் பொய் எச்சரிக்கையை நினைவில் வைத்து மௌனமாகும் வசதியும் இல்லாத கருவியை ஓரிரு நாளில் நீங்களே கழற்றி டாஷ்போர்ட்டுக்குள் போட்டுவிடுவீர்கள். முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் உலோகப் படலம் ஒட்டியிருந்தால் அதுவும் அலையைத் தடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

50 எங்கே முடிகிறது, 70 எங்கே தொடங்குகிறது

பணம் செலவழிக்காமல் தண்டத்தைத் தவிர்க்கும் வழி இங்கேதான் இருக்கிறது, அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கார், வான் போன்றவற்றுக்கு குடியிருப்புகள் செறிந்த பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அவற்றுக்கு வெளியே 70 கிலோமீற்றரும், அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றரும் உச்ச வேகம். முச்சக்கர வண்டிக்கு 40 தான். பஸ், லொறி ஆகியவற்றுக்கு வெளிப்பகுதியில் காரைவிடக் குறைவு. வீதியோரத்தில் சிவப்பு வளையத்துக்குள் எழுதப்பட்ட எண் எங்கு காணப்படுகிறதோ அங்கு அந்த எண்ணே செல்லும்.

நம்மவர் பிழை விடுவது, ஊர் எல்லையைக் கணிப்பதில். கல்லடிப் பாலத்திலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ-4 வீதியை மனதில் ஓட்டிப் பாருங்கள்: காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை. ஒன்றின் மதில் முடியுமுன் அடுத்ததன் மதில் தொடங்கிவிடும். நடுவில் தென்னந்தோட்டமோ வெறும் மணல் தரையோ கொஞ்சத் தூரம் வந்தால், "இது ஊருக்கு வெளியே" என்று சாரதி தானாகவே முடிவுசெய்து 70க்கு ஏற்றுகிறார். இரண்டு நிமிடத்தில் அடுத்த ஊரின் பாடசாலை வந்துவிடுகிறது, வேகம் இறங்கவில்லை. இந்த முழுத் தூரத்தையும் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோமீற்றருக்கு 70இல் எட்டரை நிமிடமும் 50இல் 12 நிமிடமும் ஆகும். பஸ் தரிப்பிடங்களிலும் சந்திகளிலும் நிற்பதைக் கழித்தால் அந்த மூன்றரை நிமிடமும் கையில் தேறாது.

உண்மையில் வேகம் ஏறக்கூடிய வெளிகள் வடக்கே ஓட்டமாவடிக்கு அப்பாலும், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் பிரியும் வீதியிலும், தெற்கே திருக்கோவிலைத் தாண்டிக் கோமாரி, பொத்துவில் பக்கமும், காரைதீவு–அம்பாறை வீதியிலும் இருக்கின்றன. அங்கே 70ஐத் தாண்டாமலிருப்பதற்கு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வாகனத்தை ஒரே வேகத்தில் வைத்திருக்கும் வேகக்கட்டுப்பாட்டு (குரூஸ் கொன்ட்ரோல்) வசதியைப் பாவிப்பது நல்லது. அது இல்லாத வாகனத்தில், கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, வேகம் குறித்த அளவைக் கடந்தால் ஒலி எழுப்பும் செயலியொன்றை இயக்கிவிடலாம். வேஸ் போன்ற வழிகாட்டிச் செயலிகளில் அந்த வசதி உண்டு. கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது தனிக் குற்றம் என்பதால் எல்லாவற்றையும் புறப்படுமுன் செய்துவிட வேண்டும்.

கருவியுடன் நிற்பவரின் இடத்தில் நின்றும் யோசித்துப் பார்க்கலாம். அவருக்கு நேராகப் பார்க்கக்கூடிய நீண்ட வீதி வேண்டும், மறித்த வாகனத்தை ஓரங்கட்ட இடம் வேண்டும், நமது வெயிலுக்கு நிழலும் வேண்டும். இம்மூன்றும் கூடிவரும் இடங்களைக் காலப்போக்கில் கண் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுவதை நம்பி இருப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த லைட் மாடுகள் படுத்திருப்பதற்கும், வெட்டு மெசின் வீதியை அடைத்து வருவதற்கும், இரவில் அம்பாறைப் பக்கம் யானை நிற்பதற்கும் அடிக்கப்படுகிறது. எதற்கு அடித்தாலும் வேகத்தைக் குறைப்பதே சரியான பதில். ஆனி, ஆடி மாதங்களில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் அதிகாலையில் வீதி ஓரமாக நடப்பதும், நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை அண்டி எல்லோரும் வீட்டுக்கு விரைவதும் நமது வீதிகளில் 50ஐயே கூடுதலாக்கிவிடும் நேரங்கள்.

மீற்றர் சொல்வது எவ்வளவு உண்மை

சர்வதேச விதிமுறையின்படி வாகனத்தின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம். கார்களில் உண்மையான 50இல் மீற்றர் 59 வரை காட்டினாலும் அது அனுமதிக்கப்பட்டதே. ஆகவே நல்ல நிலையிலுள்ள மீற்றரில் 50 என்று ஓடுபவர் சற்றுக் குறைவாகவே ஓடிக்கொண்டிருப்பார். டயர் மாற்றும்போதுதான் கணக்குக் குழம்புகிறது. பள்ளத்தில் அடிபடாமல் இருக்கட்டும் என்று பெரிய டயர் போட்டால், விட்டம் மூன்று வீதம் கூடினால் மீற்றரும் மூன்று வீதம் குறைத்துக் காட்டத் தொடங்கும். சோதிப்பதற்குச் செயலி கூட அவசியமில்லை. வாகனம் மீற்றரில் சீராக 60இல் ஓடும்போது, பக்கத்தில் இருப்பவர் ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை நேரத்தைப் பார்க்கட்டும். 60 விநாடி எடுத்தால் மீற்றர் சரி. 57 எடுத்தால் நீங்கள் உண்மையில் 63இல் ஓடுகிறீர்கள்.

மறித்துவிட்டால்

வாகனத்தை ஓரமாக நிறுத்தி, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வரிப்பத்திரம் ஆகியவற்றை எடுத்துக் கொடுங்கள். "சேர், ஸ்பீட்டக் கொஞ்சம் காட்டுவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. திரையில் வேகத்தோடு நேரத்தையும், படம் எடுக்கும் கருவியாயின் வாகன இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராடர் வகையாயின் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும்: அதன் கற்றை அகலமானது என்பதால், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வேகமாக வரும் பஸ்ஸின் வலுவான எதிரொலி திரையில் விழ வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் உங்கள் முன்னும் பின்னும் என்ன வாகனம் வந்தது என்பதை உடனே குறித்து வையுங்கள். கருவி ஓரமாகச் சரிவாக நின்று அளந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. நின்ற இடத்திலிருந்து சரிவாக அளந்தால் வேகம் குறைவாகவே தெரியும், அது உங்களுக்குச் சாதகமான பிழை.

2018இல் கூட்டப்பட்ட தொகைப்படி, உச்ச வேகத்தை 20 வீதத்துக்குள் தாண்டினால் தண்டம் 3,000 ரூபா; அதற்கு மேல், தாண்டிய வீதத்துக்கேற்பத் தொகை ஏறும். 50 பகுதியில் 60 என்பதே 20 வீதம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். "இங்கேயே பார்த்து முடித்துக்கொள்வோம்" என்ற பேச்சை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தொடர வேண்டாம். கொடுப்பவருக்கும் அது குற்றம்.

தண்டப்பத்திரம் எழுதப்பட்டால் அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் இருக்கும். பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகச் செல்லும். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் செலுத்த வேண்டும், தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதையும் தாண்டினால் நீதவான் நீதிமன்றம். போயா தினத்தில் தபாலகம் பூட்டியிருக்கும் என்பதால் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். குற்றத்தை ஏற்காதவர் பணம் செலுத்தாமல் நீதிமன்றத்தில் தம் பக்கத்தைச் சொல்லலாம். அப்போதுதான் முன்னர் குறித்து வைத்தவை உதவும். பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரம் எழுதிய பொலிஸ் நிலையத்திலேயே கொடுத்து அனுமதிப்பத்திரத்தை மீளப் பெற வேண்டியிருப்பதால், கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையிலோ மொனராகலையிலோ மாட்டுப்பட்ட மட்டக்களப்புக்காரருக்குத் தண்டத்தைவிடத் திரும்பிப் போய்வரும் எரிபொருட் செலவு கூடிவிடும். அரசின் இணையவழிக் கொடுப்பனவுச் சேவையான கோவ்பே மூலம் கைபேசியிலேயே செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்துள்ள இடங்களில் அந்த அலைச்சல் இல்லை: பணம் சென்ற செய்தி வந்ததும் அனுமதிப்பத்திரத்தை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படலாம். ஆதலால் வெளியூர்ப் பயணம் புறப்படுமுன் வங்கிச் செயலி கைபேசியில் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.